விருந்தாளிக் கல்

நீ எங்கள் வீட்டுக்கு வந்த அன்று கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டாயே, என் அறைக் கதவோரம் கிடந்த கறுப்புக் கல்லில், அந்தக் கல்லைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஊர் தூங்கிவிட்டது. தம்பி என் கட்டிலில் குறுக்காகப் படுத்துக் கிடக்கிறான். அம்மா வீட்டில் இல்லை. அப்பாவும் இல்லை. அப்பா இல்லாதது பழகிப்போன விஷயம். அம்மாவும் அவரும் இந்த நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், அதுதான் தூங்கவிடவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் விடியும்வரை தாங்க மாட்டேன். நீ காலையில் எழுந்ததும் படி. படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் மேல் ஒரு பழியும் இல்லை. நீ இடித்த இடியில் கல் உருண்டு, பின்வாசல் படியில் மோதி, சிமெண்டுத் தரையில் போய் விழுந்தது. நீ ஒற்றைக்காலில் நின்றுகொண்டு பல்லைக் கடித்தாய்.

"உங்க வீட்டுல கல்லுக்கா பஞ்சம்? நடக்கிற வழியில வேற ஒண்ணு வைக்கணுமா?"

"அது இல்லைன்னா கதவு தானா மூடிக்கும்டி."

"மூடிட்டுப் போகட்டும். என் விரலாவது மிஞ்சும்."

நீ நொண்டிக்கொண்டே போன பிறகு கல்லை எடுக்கப் போனேன். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் உள்ளே சிவப்பாக என்னவோ தெரிந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் செய்வதையே நானும் செய்தேன், நாக்கால் நக்கினேன். சிரிக்காதே. கல் நனைந்தால்தான் அதன் நிறம் சரியாகத் தெரியும். தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும் பொறுமை கல் பார்க்கிறவர்களுக்கு இருக்காது. நனைந்ததும் பளிச்சென்று தெரிந்தது. மாதுளை முத்தைக் கத்தியால் பாதியாக வெட்டியது போலச் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம்.

கார்னெட் என்கிற சிவப்புக் கனிமம். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஏன் என்று சொன்னால்தான் உனக்கு மற்றது புரியும்.

என் அம்மாவும் அப்பாவும் ஒரே கல்லூரியில் பாறை இயல் சொல்லித்தருகிறவர்கள் என்பது உனக்குத் தெரியும். இருவரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே இருக்கிறதே, வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி போட்ட கிரானைட் குன்றுகள், அவற்றைத்தான். அந்தக் குன்றுகள் ஒரு காலத்தில் பூமிக்கு அடியில் இருந்தன. அவற்றுக்கு மேலே எரிமலைகள் வரிசையாக, வில் மாதிரி வளைந்து நின்றனவாம். ஒரு கடலின் தரை இன்னொரு தரைக்கு அடியில் நழுவிப் போகும் இடத்தில் அப்படித்தான் எரிமலைகள் முளைக்குமாம். எரிமலைகள் எல்லாம் மழையிலும் வெயிலிலும் கரைந்து போயின. அவற்றுக்கு அடியில் ஆறிக் கெட்டியான பாறைக் குழம்புதான் மிச்சம். அதுதான் கிரானைட்.

"வீடு இடிஞ்சு போச்சு, அடுப்பு மட்டும் இருக்கு. அடுப்பைப் பாத்து வீடு எவ்வளவு பெருசுன்னு சொல்லணும். அவ்வளவுதான் எங்க வேலை" என்பார் அப்பா.

அந்தப் பழைய எரிமலை வரிசைக்கு அடியில் பூமியின் ஓடு எவ்வளவு தடிமன்? இந்த ஒரு கேள்விதான் எங்கள் வீட்டின் மூன்றாவது பிள்ளை. சாப்பிடும்போதும் இருக்கும், துணி மடிக்கும்போதும் இருக்கும். நானும் தம்பியும் அதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தோம்.

நீ பார்த்ததில்லை, எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. பாறை அறுக்கிற இடம். வட்ட ரம்பம் ஒன்று உண்டு. அதன் விளிம்பில் வைரப்பொடி பதித்திருக்கும். ரம்பம் சுற்றும்போது ஒருவர் விடாமல் தண்ணீர் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிவிடும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா கல்லைத் தள்ளுவார், அம்மா தண்ணீர்க் குழாயைப் பிடிப்பாள். எங்கள் காதுகளில் பஞ்சு. அறுத்த சேறு தெறித்து அப்பாவின் புருவம் நரைத்திருக்கும். "உங்கப்பனுக்கு இன்னைக்கே அறுபது வயசு ஆயிடுச்சு" என்று அம்மா குழாயை அவர் முகத்துக்கே திருப்புவாள். நனைந்த கல்லின் வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வாசனை வந்தால் இருவரும் சிரிக்கிற சத்தம் காதில் கேட்கும்.

கிரானைட்டுக்குள் ஆங்காங்கே கறுப்புக் கட்டிகள் இருக்கும், பாயசத்தில் திராட்சை மாதிரி. குழம்பு மேலே ஏறி வரும்போது வழியில் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டுகள் அவை. முதலில் சிலதை அறுத்துப் பார்த்தார்களாம். எல்லாம் பக்கத்திலேயே கிடக்கிற சாதாரணப் பாறை. அதற்குப் பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். கிரானைட்டைச் சுத்தமாகப் பொடித்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், கறுப்புக் கட்டி கலந்தால் கணக்குக் கெட்டுவிடும். அதனால் முதல் வேலையே அதை வெட்டி எறிவதுதான்.

"இவன் விருந்தாளி. வீட்டுக் கணக்குல சேர்க்கக்கூடாது" என்பார் அப்பா.

"தூக்கி வெளிய போடுங்க" என்பாள் அம்மா.

அவர்கள் இருவரும் சண்டையே இல்லாமல் ஒத்துக்கொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான். அதில்தான் தப்பு நடந்திருக்கிறது.

வெளியே போட்ட விருந்தாளிகளெல்லாம் எங்களுக்கு வந்தார்கள். ரம்பம் ஒரு கட்டியை இரண்டாக அறுத்துப் போடும். அப்பா அந்தப் பாதிகளை ஒரு வாளியில் போட்டுக் கலக்கித் தருவார். எந்தப் பாதிக்கு எந்தப் பாதி என்று நானும் தம்பியும் கண்டுபிடிக்க வேண்டும். ஜோடி சரியாக இருந்தால் அறுத்த முகங்கள் ஒன்றோடு ஒன்று உட்கார்ந்து 'டக்' என்று சத்தம் வரும். தப்பாக இருந்தால் சத்தம் வேறு மாதிரி வரும். தம்பி எப்போதும் என்னைத் தோற்கடிப்பான். அவனுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே ஜோடி சேர்க்க வந்துவிட்டது. அப்பா எனக்கு வைத்த பட்டப்பெயர் சில்லு. அவனுக்கு உருண்டை.

பிறகு அந்தக் கட்டிகளை எல்லாம் கல்லூரிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய், வாசல் ரோட்டில் இருந்த பள்ளத்தை நிரப்பினார்கள். நாம் தினமும் அதன் மேல்தான் பள்ளிக்கூடம் போகிறோம். மிஞ்சியது கொஞ்சம். கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் காணாமல் போய், அறுத்த முகத்தில் அழுக்கேறிய ஒரு பாதி, கதவுக்கு வைத்த கல் ஒன்றுதான் மிஞ்சியது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி சண்டையைச் சொல்கிறேன். பொடித்து அனுப்பிய கிரானைட்டுக்குச் சோதனை முடிவு வந்தது. அதில் இட்ரியம் என்று ஒரு பொருள் மிகமிகக் குறைவாக இருந்தது. அம்மா துள்ளிக் குதித்தாள்.

அம்மா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். வெண்ணெயை உருக்கினால் நெய் மேலே வரும், கசடு அடியில் தங்கும். அது போலப் பாறை உருகும்போது குழம்பு மேலே ஏறும், கசடு கீழே நிற்கும். ரொம்ப ஆழத்தில், மேலிருந்து அழுத்துகிற பாரம் அதிகமாக இருக்கிற இடத்தில் உருகினால் அந்தக் கசட்டில் கார்னெட் இருக்கும். கார்னெட்டுக்கு இட்ரியம் என்றால் உயிர். எல்லாவற்றையும் விழுங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மேலே வருகிற குழம்புக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இந்தக் கிரானைட் ரொம்ப ஆழத்தில் பிறந்தது. ஆகவே அந்த எரிமலை வரிசைக்கு அடியில் ஓடு நல்ல தடிமன்.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

"உருகறதுக்கு முன்னாடியே அந்தப் பாறையில இட்ரியம் இல்லாம இருந்திருக்கலாமே. ஏழை வீட்டுப் பிள்ளை ஏழையா இருக்கறதுல என்ன அதிசயம்? வழியில திருடன் புடுங்கிட்டான்னு எதுக்குக் கதை கட்டணும்?"

"கதையா? நான் கட்டறது கதை, நீங்க கட்டறது கோயிலா?"

முதலில் விளையாட்டாகத்தான் பேசினார்கள். நாங்களும் சிரித்தோம். பிறகு சிரிப்பு போனது, பேச்சு மட்டும் மிஞ்சியது. அப்புறம் பேச்சும் போய்விட்டது. கல்லுக்காக யாராவது பிரிவார்களா என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியவில்லை. அவர்கள் இருவரும் மனம் விட்டுப் பேச அந்தக் கல் ஒன்றுதான் இருந்தது. அதில் விரிசல் விழுந்ததும் வேறு எதைப் பேசுவது என்று இருவருக்குமே தெரியாமல் போயிருக்கும். அப்பா ஊரின் அந்தக் கோடியில், தையல்கடை மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். "கொஞ்ச நாளைக்குத்தான், சில்லு" என்றார். கொஞ்ச நாள் ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது.

நாளைக்குக் கல்லூரியில் கூட்டம். வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். இருவரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே மேடையில் பேச வேண்டும். அப்பாவுக்குக் கடல் தாண்டி ஒரு சுரங்கக் கம்பெனியில் வேலை வந்திருக்கிறது. போன மாதம் அவர் போனில் யாரிடமோ பேசியதை நான் கேட்டேன். "கூட்டம் முடியட்டும். இங்க என் பேச்சுக்கு மதிப்பு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். இல்லைன்னா பெட்டியைக் கட்டிடறேன்" என்றார்.

இப்போது புரிகிறதா? நான் நக்கிப் பார்த்த கல் அம்மா தேடுகிற கசடாக இருக்கலாம். கீழே தங்க வேண்டியது எப்படியோ ஒரு துண்டு மேலே வந்து என் கதவோரம் உட்கார்ந்திருந்தது. அதைக் கொடுத்தால் அம்மா ஜெயிப்பாள், அப்பா பெட்டியைக் கட்டுவார். கொடுக்காவிட்டால் அம்மா இத்தனை நாளும் சொன்னதற்குச் சாட்சி இல்லாமல் மேடையில் நிற்பாள். நான் கல்லைப் பழைய துண்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அன்றிலிருந்து கதவு தானாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

"கதவுக்கு வச்ச கல்லு எங்கடி?"

"தெரியலம்மா."

"கல்லுக்குக் கால் முளைச்சிடுச்சா?"

நான் அகராதியைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தேன். காற்று அகராதியையும் தள்ளிக்கொண்டு போனது. இந்த இரண்டு வாரமும் ராத்திரி கதவு அடிக்கும்போதெல்லாம் கல் கட்டிலுக்கு அடியிலிருந்து கூப்பிடுவது போலவே இருந்தது.

நேற்று அம்மா சமையலறையில் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். அடுப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். கரண்டியை வைத்துவிட்டு, யாரிடமும் இல்லாமல், "ஒரே ஒரு துண்டு மேல வந்திருந்தா போதும்" என்றாள். நான் தண்ணீர் குடிக்க வந்தவள் குடிக்காமலே திரும்பிப் போனேன்.

இன்று காலை விளக்குமாற்றோடு என் அறைக்கு வந்தாள். நாளை ராத்திரி வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டில்தான் தங்குவார், கட்டிலுக்கு அடியில் எல்லாம் பெருக்க வேண்டும் என்றாள். "நானே பெருக்கிடறேன்மா" என்று அவள் கையிலிருந்து பிடுங்கினேன். "இன்னைக்குச் சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கல்லை எடுத்துப் பள்ளிக்கூடப் பையில் போட்டேன். இன்று நானும் தம்பியும் அப்பாவின் அறைக்குப் போகிற நாள். வழியில் வாய்க்கால் பாலம் வருமே, அங்கே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பாலத்தில் நின்றேன். தம்பி முன்னால் போய்க்கொண்டிருந்தான். கல்லை எடுத்துக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தேன். தள்ளினால் போதும். அறுத்த முகம் என் உள்ளங்கையில் வழவழவென்று பட்டது. கொட்டகையில் வாளிக்குள் கைவிட்டுத் துழாவினால் இப்படித்தான் இருக்கும். அம்மாவின் குழாய்த் தண்ணீர், அப்பாவின் நரைத்த புருவம், பஞ்சு அடைத்த காதில் மங்கலாகக் கேட்கிற சிரிப்பு. அதைத் தண்ணீரில் போட என்னால் முடியவில்லை. திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தையல்காரர் எங்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். "உங்கப்பாகிட்ட சொல்லுங்க, மேல கல்லைத் தட்டாதீங்கன்னு. பொடி கொட்டி என் கறுப்புத் துணியெல்லாம் நரைச்சுப் போச்சு. மாப்பிள்ளை கோட்டைப் பாத்துட்டு மாமனார் கோட்டான்னு கேக்கறாங்க."

அப்பா மேலே தன் பேச்சுக்கான தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலோரம் முழுக்கக் கற்கள். தாள்கள் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல் வைத்திருந்தார். அதில் வர்ணத்தால் முகம் வரைந்திருந்தது. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது, நடுவில் மீசை. தம்பி சின்ன வயதில் "இது அப்பா" என்று வரைந்து கொடுத்தது. வீட்டை விட்டுப் போகும்போது அவர் அதை எடுத்துக்கொண்டு போனது எனக்கு அதுவரை தெரியாது.

"வா சில்லு. உருண்டை, செருப்பைக் கழட்டு. என்ன, ரெண்டு பேர் முகமும் மழை பெய்ஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா."

தம்பிக்குப் பசி. என் பையில் பிஸ்கட் இருக்கும் என்று கையை விட்டான். நான் தடுப்பதற்குள் துண்டோடு கல்லை வெளியே எடுத்துவிட்டான்.

"அக்கா, கதவுக் கல்லை ஏன் தூக்கிட்டு வந்த?"

அவன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். மீசை வைத்த கல்லை எடுத்து, சின்ன வயதில் செய்தது போலவே, அறுத்த முகத்தோடு அறுத்த முகத்தை ஒட்டினான்.

டக்.

"ஜோடி" என்றான், பிஸ்கட்டைத் தேடிக்கொண்டே.

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே கையில் வாங்கினார். வாங்கியதும் சிரிப்பு நின்றது. நீ உடைத்த சில்லு அவர் பெருவிரலுக்கு நேராக இருந்தது. ஜன்னலுக்குக் கொண்டு போனார். நக்கினார். சட்டைக்குள் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டார். கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா பாத்தாளா?"

"இல்ல."

"நீ எப்பப் பாத்த?"

"ரெண்டு வாரமாச்சு."

"இதைக் காட்டாம எதுக்கு வச்சிருந்த?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "காட்டினா நீங்க போய்டுவீங்க. போன்ல சொன்னதைக் கேட்டேன்."

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். மீசை வைத்த கல்லை மடியில் வைத்துக்கொண்டு விரலால் அந்தப் பெரிய கண்ணைத் தடவினார். "இது ஒரு வருஷமா என் மூக்குக்கு முன்னாடி இருக்கு" என்றார். "பெயிண்ட்டு போயிடும்னு கழுவக்கூட இல்ல."

பிறகு சட்டென்று வாத்தியார் குரலுக்கு மாறினார். "சேத்துப்பாறையிலயும் கார்னெட் வரும். அது ஆழத்துல பொறந்திருக்கணும்னு இல்ல. கூட மைக்கா, அந்தப் பளபளன்னு உரியற தகடு, இருந்தா இது வெறும் சேறு, நான் சொல்றதுதான். மைக்கா இல்லாம இருந்தா..." முடிக்கவில்லை. "மேலால பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. அறுத்து, ஒரு சீவல் எடுத்து, வெளிச்சம் உள்ள போற அளவுக்குத் தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல வைக்கணும்."

போனை எடுத்தார். இந்த ஒரு வருஷத்தில் அவர்கள் பேசியதெல்லாம் எங்கள் வாய் வழியாகத்தான். இன்று அவரே கூப்பிட்டார். அந்தப் பக்கம் அம்மா பேசியது எங்களுக்கும் கேட்டது.

"பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சு?"

"பிள்ளைங்களுக்கு ஒண்ணுமில்ல. கொட்டகைச் சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"இப்ப எதுக்குச் சாவி? நாளைக்கு என் தலையில போடக் கல்லு வேணுமா?"

"கல்லு இருக்கு. தண்ணி பிடிக்கத்தான் ஆள் இல்ல."

கட் ஆகிவிட்டதோ என்று அப்பா போனைப் பார்த்தார். "கொண்டு வாங்க" என்று குரல் வந்தது.

நாங்கள் வந்தபோது அம்மா கொட்டகையைத் திறந்து விளக்கைப் போட்டு, வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா கதவுக் கல்லை அவள் கையில் வைத்தார். அவள் கை கொஞ்சம் தாழ்ந்தது.

"கனக்குதே" என்றாள். அளவுக்கு மீறிக் கனக்கும் அந்தக் கல். நான் தினமும் காலால் தள்ளியிருக்கிறேன், ஒரு நாளும் ஏன் என்று யோசித்ததில்லை. அம்மா சில்லைப் பார்த்தாள். நாக்கை நீட்டினாள்.

"நக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் அப்பா. "அது ரெண்டு வாரமா கட்டிலுக்கு அடியில அழுக்குத் துண்டுல இருந்துச்சு."

அம்மா நாக்கை உள்ளே இழுக்கவில்லை. நக்கிவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. அவள் பார்வை இன்னும் என் முதுகில் ஊர்கிறது. பிறகு அப்பா கையிலிருந்த மீசைக் கல்லைப் பார்த்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"என் மேசையில."

"இதையா அறுக்கணும்?"

"இது வேணாம். அதை அறுப்போம்."

அம்மா அந்த மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுங்க" என்றாள். கதவைச் சாத்தவில்லை. நான் முற்றத்தைத் தாண்டும்போது ரம்பம் சுற்ற ஆரம்பித்தது. அந்த வாசனை வந்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். ரொம்ப நாளாக அவன் என் கையைப் பிடிப்பதில்லை.

அதற்குப் பிறகு ரம்பம் நின்று எவ்வளவோ நேரமாகிவிட்டது. தேய்க்கிற வேலைக்குச் சத்தம் கிடையாது. கண்ணாடியில் ஒட்டிய சீவலைக் கையாலேயே வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் எல்லாம் போச்சு. அந்த ஈரக் கையோடு இருவரும் கொட்டகையில் மைக்ராஸ்கோப் வைத்த சின்ன மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் அதை நினைத்துப் பார்க்கிறேன். உடனே பயம் வந்து விடுகிறது. மைக்கா இருந்தால் அம்மா தோற்றாள். இல்லாவிட்டால் அப்பா தோற்றார், பெட்டி கட்டுவார். எதை வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீயாக இருந்தால் எதை வேண்டிக்கொள்வாய்?

இரு. கொட்டகை விளக்கு அணைந்துவிட்டது.

முற்றத்தில் பேச்சுச் சத்தம். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. காதில் விழுவதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ சொன்னது தப்பு" என்கிறார் அப்பா.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தொடர்கிறார்.

"மைக்காவே இல்ல. நீ சொன்னதைவிட ஆழம். அந்த வளையத்தைப் பாத்தியா? மேல வர வர பாரம் குறைஞ்சு, கார்னெட்டு இருக்கப் பிடிக்காம ஓரமா கரைய ஆரம்பிச்சிருக்கு."

"தோத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வருதா பாருங்க."

"நான் மட்டுமா தோத்தேன்? விருந்தாளின்னு வாசல்ல தூக்கிப் போட்டதுல நீயும்தானே கூட்டு."

அம்மா சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு, நாங்கள் தூங்குகிறோம் என்று நினைத்துச் சிரிக்கிறாள். பிறகு அவள் குரல் மாறுகிறது.

"இவ்வளவு கனமான கசடு கீழதானே முழுகிப் போயிருக்கணும். இது மட்டும் எப்படி மேல வந்துச்சு?"

"நாளைக்கு முதல் கேள்வியே அதுதான் கேப்பாங்க."

"கேட்டா என்ன சொல்ல?"

"தெரியலன்னு சொல்லு. தேடறோம்னு சொல்லு."

"தேடறோமா? நீங்கதான் கடல் தாண்டிப் போறீங்களே."

காலடிச் சத்தம் நின்றுவிட்டது. தம்பி தூக்கத்தில் புரண்டு படுக்கிறான்.

"மிச்சக் கல்லெல்லாம் ரோட்டுப் பள்ளத்துல கிடக்கு" என்கிறார் அப்பா. "கடப்பாறை போட்டுத் தோண்டி, ஒவ்வொண்ணா கழுவி, ஜோடி சேத்துப் பாக்கணும். உன்னால தனியா முடியுமா?"

"முடியாது" என்கிறாள் அம்மா. எங்கள் அம்மா எதையும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மறுபடி காலடிச் சத்தம். இரண்டு பேருடையதும். முன்வாசல் பக்கம் போகவில்லை. பின்வாசல் வழியாக, நீ உருட்டிவிட்ட கல் மோதிய படி வழியாக, என் அறைப் பக்கம்தான் வருகிறார்கள். காற்று பலமாக அடிக்கிறது. முட்டுக்கொடுக்கக் கல் இல்லை, அதை அறுத்துவிட்டார்கள். அகராதி நிற்காது. நான் எழுந்து வந்து, தரையில் உட்கார்ந்து, திறந்த கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். அவர்கள் உள்ளே வரும்வரை இப்படியே இருக்கப்போகிறேன்.